லைன் கிளியர்

கரண்ட் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மனிதர்களின் கெஞ்சல் பழகிப்போய்விடும். புது இணைப்பு வேண்டும், மீட்டர் ஓடவில்லை, மீட்டர் கண்மண் தெரியாமல் ஓடுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் என் சுவரில் ஆணி அடித்து ஒயர் இழுத்துவிட்டான் என்று எத்தனையோ மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் கரண்ட் வேண்டும். வேண்டாம் என்று கேட்டு வந்த ஒரே ஆள் என் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காதான்.

அன்று காலை கடை திறந்து மெஷின் சூடாகக்கூட இல்லை. அக்கா வந்து நின்றார். கழுத்தில் எப்போதும்போல் கயிற்றில் கோத்த கத்தரிக்கோல், புடவையெல்லாம் நூல்.

“தம்பி, ஒரு மனு எழுதிக் குடு. எங்க வீட்டு கரண்ட்டக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கணும்.”

“ஏன்க்கா, பழுதா?”

“இல்ல. நல்லாத்தான் வருது. அதான் பிரச்சினையே.”

காலங்காத்தால யாரிடம் விளையாடுகிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கத்தரிக்கோலை என் மேசைமேல் வைத்தார். அதன் ஒரு நுனி கடித்துத் துப்பியதுபோல் உருகிக் கறுத்திருந்தது.

“நேத்து நான் குளிக்கப் போயிருந்தேன். கழட்டி வெச்ச கத்தரியை எங்க வீட்டுக்காரரு எடுத்துக்கிட்டுப் போய் சமையல்கட்டு பிளக்கைத் திறந்திருக்காரு. டமார்னு சத்தம். ஓடிவந்து பாத்தா, கையை உதறிக்கிட்டு சிரிக்கிறாரு. ‘சின்ன ஷாக்தான், பயப்படாதீங்க, சரி பண்ணிட்டேன்’ங்கிறாரு.”

அக்காவின் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் கம்பத்தார் என்றுதான் சொல்வோம். லைன்மேனாக இருந்தவர். தரையில் நின்ற நேரத்தைவிடக் கம்பத்தில் நின்ற நேரம்தான் அதிகம். புயலடித்து ஊரே இருண்டுபோனாலும் எங்கள் தெருவில் முதலில் விளக்கு எரியும், அந்த மனிதர் அப்படி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோக ஆரம்பித்தது. முதலில் சாப்பிட்டது மறந்தது. அப்புறம் வழி மறந்தது. அப்புறம் ஆட்கள். ஆனால் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. சுவரில் சுவிட்சைக் கண்டால் போதும், விரல்கள் திருகாணியைத் தேடிப் போய்விடும். அக்கா அவருடைய கட்டிங் பிளேயரை ஒளித்து வைத்தார். அவர் கரண்டிக் காம்பை எடுத்தார். கரண்டியை ஒளித்தால் கத்தரிக்கோல். மெயின் சுவிட்சை அணைத்து வைத்தால், “யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க” என்று போட்டுவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தார்.

“பொண்ணு என்ன சொல்றா?” என்று கேட்டேன். மகள் வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

“அவ ஒரு காப்பகம் பாத்து வெச்சிருக்கா. ‘அங்க விட்டுடலாம்மா, சுத்தமா வெச்சுக்கறாங்க, டாக்டர் இருக்காரு’ன்னு தினம் போன். இந்தக் கத்தரி விஷயம் தெரிஞ்சா நாளைக்கே வண்டியோட வந்து நிப்பா.” அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “என் மெஷின் சத்தம் கேக்கலன்னா அவரு தூங்க மாட்டாரு தம்பி. அங்க யாரு தைப்பா? அவரை ரூம்ல போட்டுப் பூட்டு, கட்டிப் போடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. மனுஷனைக் கட்டிப் போடறதுக்குக் கரண்ட்டக் கட்டிப் போட்டா என்ன?”

நான் தாளை எடுத்தேன்.

தற்காலிகமாக இணைப்பைத் துண்டிக்கக் கேட்பதற்கு ஆபீசில் ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் வெளியூர் போகிறோம், வீடு பூட்டிக் கிடக்கும், கட்டட வேலை நடக்கிறது என்று எழுதுவார்கள். வீட்டுக்காரர் கை சும்மா இருக்காது என்று எழுத அதில் இடமில்லை. இணைப்பு வேறு அவர் பெயரில் இருந்தது. ஆகவே அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கூட்டிக்கொண்டு போனோம். வெளுத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம். ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. நேராகப் போய் ஊழியர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். பேனாவைக் கையில் கொடுத்தால், படிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நேரில் ஆய்வு செய்தவர்” என்ற இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னொரு தாள் வாங்கி, கையைப் பிடித்து இடம் காட்ட வேண்டியிருந்தது.

புதிதாக வந்திருந்த இன்ஜினியர் அம்மா சின்ன வயசு. எரிந்து விழுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கத்தரிக்கோலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள் வயரிங் பழுதுன்னு காரணம் எழுதுங்க. இவர் கை வெச்ச பிறகு அது பழுதுதானே, பொய் இல்ல. ஆனா சும்மா நிறுத்தி வெச்சா போதாதும்மா. அதுக்குள்ள வயரிங்கை மாத்திடுங்க. பிளக், சுவிட்ச் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏத்திடுங்க. தப்பித் தவறிக் கை பட்டாலும் டக்குனு கட் ஆகற டிரிப்பர் ஒண்ணு போடுங்க. வேலை முடிஞ்சதும் திரும்ப இணைப்பு கேட்டு எழுதிக் குடுங்க. ரொம்ப நாள் விட்டுடாதீங்க, மீட்டரையே கழட்டிடுவாங்க.”

“அதுவரைக்கும் இருட்டுல சமாளிச்சுக்குவீங்களா?” என்றும் கேட்டார்.

“என் மாமியார் காலத்துல ஏது கரண்ட்?” என்றார் அக்கா.

வயரிங் வேலைக்கு நெட்டையன் ஒத்துக்கொண்டான். கம்பத்தாரிடம் உதவியாளாகச் சேர்ந்து, இப்போது அதே ஆபீசில் லைன்மேன். நெட்டையன் என்று பெயர் வைத்ததே கம்பத்தார்தான். ஏணி இல்லாமலே பல்பு மாட்டுவான். “லீவு நாள்ல வந்து செஞ்சுடறேன் அண்ணி” என்றான். துண்டிக்கிற வேலையும் அவனுக்கே வந்தது.

இங்கேதான் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். கம்பத்தார் பார்த்தால் கலவரப்படுவார் என்று, மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஓசைப்படாமல் வந்து இணைப்பை எடுத்துவிட்டுப் போகச் சொன்னோம். நெட்டையனும் பூனை மாதிரி வந்து கம்பத்தில் ஏறி, அவர்கள் வீட்டு ஒயரைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். அக்கா மெஷினிலிருந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழையபடி மிதிகட்டைக்கு வார் மாட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியாகக் கடைக்குப் போனேன்.

கரண்ட் இல்லாத வீட்டில் கம்பத்தாருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்பது எங்கள் கணக்கு. தெரு முழுக்க விளக்கெரியும்போது ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால் ஒரு லைன்மேனுக்கு அது என்ன என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். கடையைச் சாத்திவிட்டுத் தெருவில் நுழைகிறேன், கம்பத்தடியில் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டே போனால் கம்பத்தார். அக்காவின் அளவு நாடாவை இடுப்பைச் சுற்றி, கம்பத்தையும் சுற்றி, பெல்ட் மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கால் கம்பத்தின் கம்பிப்படியில் ஏறிவிட்டது. மேலே நாலு கம்பியிலும் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது.

பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

“விடுப்பா, கம்ப்ளெயின்ட் வந்திருக்கு” என்றார். “ஒரு வீட்டுக்கு மட்டும் சப்ளை இல்ல. பாரு, எவ்வளவு இருட்டு. உள்ள ஒரு அம்மா தனியா உக்காந்து தைக்கிறாங்க.”

“ஐயா சாமி, இறங்குங்க! அந்த வீடு உங்க வீடு!”

“யார் வீடா இருந்தா என்ன? சப்ளை குடுக்கணுமில்ல?”

கிழவருக்கு என்ன பலம்! நான் தொங்குகிறேன், அவர் அடுத்த படிக்குக் காலை எடுக்கிறார். அக்கா ஓடிவந்தார். நான் என் வீட்டுக்காரியை நெட்டையனுக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினேன். அவன் அடுத்த தெருவில்தான் எங்கேயோ வேலையாக இருந்திருக்கிறான். சைக்கிளைத் தெருமுனையிலேயே போட்டுவிட்டு, ஓடிவரும்போதே கத்தினான்.

“அண்ணே! தொடாதீங்கண்ணே! அந்த லைன் கிளியர் என் பேர்ல இருக்கு!”

நம்பினால் நம்புங்கள், கம்பத்தாரின் கால் அப்படியே நின்றது. எடுத்த அடியைத் திரும்ப வைத்தார். கீழே இறங்கினார். நாடாவை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“முன்னாடியே சொல்ல மாட்டியாடா? போர்டு எங்க?”

நெட்டையன் திருதிருவென்று விழித்தான். பிறகு ஓடிப்போய் சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு தகரப் பலகையை எடுத்து வந்தான். ‘ஆள் வேலை செய்கிறார். மின்சாரம் கொடுக்காதே’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதை அக்கா வீட்டு வாசலில் இருந்த மீட்டர் பெட்டியில் தொங்கவிட்டான்.

“போர்டு மாட்டாம லைன்ல ஏறினா செத்துப்போயிடுவடா மடையா” என்றார் கம்பத்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, “யாரும் கிட்ட வராதீங்க. மேல ஆள் இருக்கு” என்றார்.

அந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது உயிர் மாதிரி ஒரு வழக்கம் என்று நெட்டையன் பிறகு எனக்குச் சொன்னான். வேலைக்காக லைனை நிறுத்தி வாங்குவதுதான் லைன் கிளியர். அப்படி வாங்கியவன் யாரோ, அவன்தான் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அவனும் அவனோடு ஏறினவர்களும் இறங்கி வந்து, எல்லாரும் இறங்கியாச்சு என்று வாயால் சொல்லாதவரை, மந்திரியே வந்து கேட்டாலும் லைனில் கரண்ட் போகாது. “அண்ணன் எனக்குச் சொல்லிக்குடுத்ததுல அடி வாங்காம கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்” என்று சிரித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்றிலிருந்து கம்பத்தார் எதையும் தொடவில்லை. பிளக்கும் சுவிட்சும் திறந்து கிடந்த வீட்டில், மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காவல். காலையில் எழுந்து முகம் கழுவியதும் காக்கிச் சட்டை. டீயும் ரஸ்க்கும் அங்கேயே. மத்தியானம் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் அங்கேயே. தபால்காரர் வாசலில் நின்றால்கூட, “பெட்டி பக்கம் கை வைக்காதீங்க, மேல ஆள் இருக்கு” என்பார். லீவு நாட்களில் நெட்டையன் வந்து சுவரைத் தட்டிக் குழாய் இறக்கி ஒயர் இழுத்தான். அவன் ஏணியில் நிற்கும்போதெல்லாம் இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கோடை கொளுத்தியது. மின்விசிறி இல்லாத வீடு அடுப்பாகக் கொதித்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் அக்கா வீட்டில் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. விடிந்ததிலிருந்து வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலடியில் மெஷினைப் போட்டு மிதித்தார். முழங்கால் வீங்கியது. பாலும் காயும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில். சாயங்காலம் அதை எடுக்க வரும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவார்.

“எப்படிக்கா சமாளிக்கிறீங்க? எனக்குப் பத்து நிமிஷம் கரண்ட் இல்லன்னா ஊரையே திட்டுவேன்.”

“கண்ணுதான் எரியுது. ஊசி கோக்கறதுக்குள்ள உயிர் போகுது.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு திடீரென்று சிரித்தார். “ஒரு கூத்து சொல்லட்டா? அவருக்கு என்னை யாருன்னு தெரியல.”

“அது தெரிஞ்சதுதானேக்கா.”

“முழுசாக் கேளு. மேல நிக்கிற லைன்மேனோட பொண்டாட்டின்னு என்னை நெனச்சுக்கிட்டிருக்காரு. நான் வாசலுக்கு வந்து நின்னா போதும், ‘கவலைப்படாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் பத்திரமா இறங்கிடுவாரு. நான் இங்கயேதான் இருக்கேன், யாரையும் தொட விட மாட்டேன்’ங்கிறாரு. நேத்து நான் வெயில்ல நின்னேன்னு முக்காலியை எனக்குக் குடுத்துட்டு அவர் நிக்கிறாரு. கல்யாணம் ஆனதுலேருந்து எங்கிட்ட இப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி அந்த மனுஷன். அடுத்தவன் பொண்டாட்டின்னா என்ன கரிசனம் பாரு!”

நானும் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்து, சட்டென்று நிறுத்தினார்.

“நான் நிஜமாவே அப்படித்தானே நின்னேன் அத்தனை வருஷமும்? மழைன்னா போயிடுவாரு. கதவு தொறந்தே கெடக்கும், நான் மெஷின்ல உக்காந்திருப்பேன். வர்றவரைக்கும் யாருகிட்டயும் பேச்சு கிடையாது. வந்ததும் செருப்பைக்கூடக் கழட்ட மாட்டாரு. பிளேயரை எடுத்து எங்கையில குடுப்பாரு. ‘கத்தரி, இந்தா பிடி. இறங்கிட்டேன். தண்ணி குடு.’ இவ்வளவுதான். நான் அதை ஆணியில மாட்டிட்டுத் தண்ணி எடுக்கப் போவேன். அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வரும்.”

“கத்தரின்னா?”

“நான்தான். வேற யாரு? கழுத்துல தொங்குதே, அதுக்கு வெச்ச பேரு.” பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “அந்தப் பேரு அவரு வாயில வந்து ரொம்ப நாளாச்சு.”

வயரிங் முடிந்தது. பிளக்கெல்லாம் உயரத்துக்கு ஏறிவிட்டன. டிரிப்பர் பெட்டி மாட்டியாயிற்று. திரும்ப இணைப்பு கேட்டு நானே மனு எழுதினேன், இந்த முறை இணைப்பை அக்கா பெயருக்கு மாற்றக் கம்பத்தாரின் சம்மதக் கடிதமும் சேர்த்து. இன்ஜினியர் அம்மா அன்றே உத்தரவு போட்டார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மகளிடம் போனில் எல்லாவற்றையும் உளறிவிட்டார். கத்தரிக்கோல் உருகினதையும், அளவு நாடா கட்டினதையும்கூட.

மறுநாள் மகள் வந்து இறங்கினாள். நெட்டையன் இணைப்புக் கொடுக்க வருவதற்குச் சற்று முன்னால்தான். வீட்டுக்குள் போனவள், இருட்டு மூலையில் மெழுகுவர்த்திச் சொட்டுக்களையும் அம்மாவின் முழங்காலையும் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். முகம் வெந்திருந்தது. என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் மாமா, நீங்களும் கூட்டா? அம்மாவும் கண்ணு தெரியாம, நடக்க முடியாம போனப்புறம்தான் எனக்குச் சொல்வீங்களா?”

“சொன்னா நீ கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்னுதான்...”

“ஆமா, கூட்டிக்கிட்டுத்தான் போவேன். எனக்கு மட்டும் ஆசையா? நான் பெத்த புள்ளைங்கள விட்டுட்டு இங்க வந்து உக்கார முடியுமா? இல்ல, இவங்களை அங்க கொண்டுபோய் வெச்சுக்க எனக்கு வீடு இருக்கா?” அழுதாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள். “கடைசியாச் சொல்றேன்மா. இன்னைக்கு கரண்ட் வரணும். வந்தப்புறம் அப்பா பேசாம இருக்கணும். இல்லேன்னா காப்பகத்துக்கு இப்பவே போன் பண்ணி நாளைக்கு வர்றோம்னு சொல்லிடுவேன். நீ குறுக்க வரக் கூடாது.”

அக்கா தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

நெட்டையன் வந்தான். வாசலை ஒட்டிய கம்பத்தில் ஏணியைச் சாத்தி மேலே ஏறி ஒயரைச் சரி பார்த்தான். கீழே இறங்கி வந்து, வழக்கப்படி, முக்காலியில் இருந்தவர் முன்னால் நின்றான்.

“அண்ணே, வேலை முடிஞ்சுது. என் பேர்ல வாங்கின லைன் கிளியரைத் திருப்பிக் குடுக்கறேன். போர்டை எடுத்துடட்டா?”

கம்பத்தார் எழுந்து மீட்டர் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

“நீ இறங்கிட்ட. சரி. உங்கூட ஏறினவன்?”

“நான் ஒருத்தன்தாண்ணே ஏறினேன்.”

“எங்கிட்டயே பொய் சொல்றியா? கம்பத்தார் எங்கடா? அவன் இன்னும் இறங்கலியே.”

நெட்டையன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன்.

“அண்ணே... நீங்கதான் கம்பத்தார்.”

“கிண்டலா? வயசுக்கு மரியாதை குடுடா.” குரல் ஏறியது. “காலையிலேருந்து இந்தம்மா வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறாங்க. புருஷன் மேல இருக்கான். நீ பாட்டுக்கு லைனைக் குடுப்ப. நாளைக்கு இவங்களுக்கு யாருடா பதில் சொல்றது? நகரு! எவனாவது கை வெச்சீங்க, வெட்டிடுவேன்!”

நெட்டையன் கையைப் பிடிக்கப் போனான். கம்பத்தார் அவனை நெட்டித் தள்ளினார். ஏணி சரிந்து சுவரில் உராய்ந்து விழுந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. மகள் போனை எடுத்துவிட்டாள். “பாத்தியாம்மா? பாத்தியா?” என்று சொல்லிக்கொண்டே எண்ணைத் தேடினாள்.

அக்கா அதுவரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனார். உள்ளே வெட்டுத்துணி மூட்டை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்தக் கட்டிங் பிளேயர். பிடியில் சிவப்பு உறை, பல இடங்களில் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது.

“அம்மா, என்ன பண்றே? அதைக் குடுக்காதே!” என்று மகள் கத்தினாள். எனக்கும் அதேதான் தோன்றியது. பக்கத்திலேயே மீட்டர் பெட்டி. கம்பத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும், கரண்ட் வந்துவிடும். இத்தனை நாள் எதை ஒளித்து வைத்தாரோ, அதையே கொண்டுவந்து அவர் கையில் வைத்தால் என்ன அர்த்தம்? போய்ப் பிடுங்கலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். நெட்டையன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

அக்கா பிளேயரை அவருடைய வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

கம்பத்தார் அதைப் பார்த்தார். எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை மேலும் கீழும் அசைத்தார். அதன் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு கம்பத்தார் தெருக்கம்பத்தை, அதன் அடியிலிருந்து உச்சிவரை, மெதுவாகப் பார்த்தார். சட்டை நுனியால் பிளேயரைத் துடைத்தார். பிடியைத் திருப்பி அக்காவிடம் நீட்டினார்.

“கத்தரி, இந்தா பிடி. இறங்கிட்டேன். தண்ணி குடு.”

அக்கா வாங்கிக்கொண்டார். தண்ணீர் எடுக்கப் போக வேண்டும், கால் வரவில்லை. அப்படியே நின்றார். கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கக் கையில்லை. இரண்டு கையாலும் அந்தப் பிளேயரைப் பிடித்திருந்தார்.

கம்பத்தார் நெட்டையன் பக்கம் திரும்பினார். “என்னடா வேடிக்கை? எல்லாரும் இறங்கியாச்சு. லைனைக் குடு.”

நெட்டையன் போர்டைக் கழற்றினான். ஏணியை நிமிர்த்தி ஏறினான். என் கண்ணிலும் ஏதோ மறைத்ததால் அவன் என்ன செய்தான் என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் மின்விசிறி கிறீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றித் தூசியைக் கொட்டிவிட்டு ஓட ஆரம்பித்தது. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. அக்கா எந்த சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் புதிதாக வைத்த எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறார்.

மகள் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் யாரோ ஹலோ ஹலோ என்பது எனக்கே கேட்டது. “இல்லைங்க... இப்ப வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். வேணும்னா அப்புறம் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். அவளேதான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

கம்பத்தார் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். சொம்பை மகளிடம் கொடுத்து, “நல்லா இரும்மா” என்றார். அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, வாசற்படியில் அக்காவுக்குப் பக்கத்தில், வேலை முடிந்து வந்தவர்போலக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எதையோ மறந்துவிட்டதுபோல் நிமிர்ந்தார்.

“கத்தரி, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. அவங்க வீட்டுக்காரர் இறங்கிட்டாருன்னு. பாவம், ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருந்தாங்க.”

அக்கா பிளேயரை மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்லிட்டேங்க” என்றார்.